ஒயில் கம்பி சொல்லும் உண்மை

பழைய கார் வைத்திருப்பவர்கள் இருவர் சந்தித்தால் பேச்சு பெற்றோல் விலையில் தொடங்கி, உதிரிப்பாகங்கள் கிடைக்கவில்லையே என்ற கவலையில் போய் முடிவது வழக்கம். எஞ்சின் ஒயிலைப் பற்றி எவரும் அதிகம் பேசுவதில்லை. பின்பக்க மூடியைத் திறந்து, கம்பியை இழுத்துப் பார்த்து, மீண்டும் செருகிவிட்டால் கடமை முடிந்தது என்பதே பலரின் எண்ணம். இந்தச் சிறிய வேலையைச் சரியாகச் செய்வதற்குக் கூடக் கொஞ்சம் அறிவும் நிறையப் பொறுமையும் வேண்டும் என்பதையும், காற்றினாற் குளிரூட்டப்படும் எஞ்சின் உள்ள காரில் அந்தப் பொறுமை ஒருவேளை உயிரையே காக்கும் என்பதையும் நான் அறிந்துகொண்டது ஒரு முதியவரிடம். அவரைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

இதை எழுதத் தூண்டியது ரொறன்ரோவில் வாழும் என் தங்கையின் மகன். அவன் அண்மையில் 1969ஆம் ஆண்டின் வொக்ஸ்வகன் பீற்றில் ஒன்றை வாங்கியிருக்கிறான். தொலைபேசியில் அழைத்துக் கேட்டான்:

"மாமா, ஒயில் கம்பி ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு கதை சொல்லுது. காலமை கராஜுக்குள்ள பாத்தால் நடுவில நிக்குது. பெற்றோல் அடிக்கேக்கை பாத்தால் கீழ்க்கோட்டுக்கு வந்திட்டுது. வீட்டு வாசல்ல பாத்தால் மேல்கோட்டிலை நிக்குது. எதை நம்புறது?"

நான் சொன்னேன்: "மூண்டும் உண்மை சொல்லுது தம்பி. ஆனால் ஒண்டுதான் நீ கேட்ட கேள்விக்கு மறுமொழி."

அவனுக்குச் சொன்னதை இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன். பழைய கார்களில் ஆர்வமுள்ள தமிழ் வாசகர்கள் இன்று உலகெங்கும் இருக்கிறார்கள். கார் இல்லாதவர்களுக்கும் இதில் ஏதாவது இருக்கக்கூடும்.

பீற்றில் காரின் எஞ்சின் பின்புறத்தில் இருக்கிறது. அதில் தண்ணீர் இல்லை; ரேடியேற்றரும் இல்லை. நான்கு சிலிண்டர்கள் பக்கத்துக்கு இரண்டாக, கிடையாகப் படுத்திருக்கின்றன. ஒரு பெரிய காற்றாடி அவற்றின் மீது காற்றை அடித்து வெப்பத்தைத் தணிக்கிறது. இந்த ஏற்பாடு 1930களில், பேர்டினண்ட் போர்ஷேயின் பொறியியலாளர்கள் வகுத்தது. ஜேர்மனியின் உறைகுளிரில் தண்ணீர் உறைந்து எஞ்சின் வெடிக்கும் தொல்லை இல்லாத, சாதாரண மனிதன் பராமரிக்கக்கூடிய ஒரு கார் வேண்டும் என்பது அன்றைய நோக்கம். அதே அடிப்படையிலான எஞ்சினுடன் கடைசிப் பீற்றில் மெக்சிக்கோவின் புவெப்லா நகரத் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது 2003ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் திகதி. அதுவரை 2 கோடியே 15 இலட்சத்துக்கும் அதிகமான கார்கள் உற்பத்தியாகியிருந்தன. இலங்கையில் ஒரு காலத்தில் வைத்தியர்களும் ஆசிரியர்களும் அரசாங்க உத்தியோகத்தர்களும் விரும்பி வைத்திருந்த கார் இது. இன்றும் கொழும்பு வீதிகளிலும் மலைநாட்டிலும் நன்கு பேணப்பட்ட பீற்றில்களைக் காணலாம்.

தண்ணீர் இல்லை என்பதாற் காற்று மட்டுமே குளிரூட்டுகிறது என்று எண்ணிவிடக்கூடாது. காற்று எட்டாத உள்ளிடங்களிலிருந்து வெப்பத்தைச் சுமந்துவருவது ஒயில். காற்றாடி அடிக்கும் காற்றின் பாதையிலே ஒயிலுக்கென்று ஒரு சிறிய குளிரூட்டி நிறுத்தப்பட்டிருக்கிறது. எஞ்சினுக்குள் சுற்றிவரும் ஒயில் அதனூடாகச் சென்று தன் வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறது. அந்தக் குளிரூட்டி, மூன்றாம் இலக்கச் சிலிண்டருக்குப் போகும் காற்றை ஓரளவு மறித்துக்கொண்டு நின்றதால், பீற்றிலில் முதலில் பழுதாவது அந்தச் சிலிண்டர்தான் என்று பழைய மெக்கானிக்குகள் சொல்வார்கள். 1971ஆம் ஆண்டு மாதிரியின் 1600 சிசி எஞ்சினில் குளிரூட்டியைத் தனிக் கூட்டுக்குள் ஒதுக்கி வைத்து அந்தக் குறையைப் பெருமளவு நீக்கினார்கள்.

இத்தனை வேலையையும் செய்யும் ஒயிலின் மொத்த அளவு வெறும் இரண்டரை லீற்றர். எங்கள் ஊர்ப் போத்தல் கணக்கிற் சொன்னால் மூன்றேகாற் போத்தலுக்குச் சற்று அதிகம். இதில் அரை லீற்றர் குறைந்தால் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது என்று பொருள். மிச்சமுள்ள நாலு பங்கு ஐந்து பங்கின் வேலையைச் செய்யவேண்டும். அது விரைவாகச் சூடேறும், சூடேறினால் இளகும், இளகினால் உராயும் பாகங்களுக்கிடையில் நிற்கவேண்டிய மெல்லிய படலம் கலையும். போதாக்குறைக்கு, பின்வந்த கார்களில் உள்ளதுபோல மாற்றத்தக்க ஒயில் வடிகட்டி இந்த எஞ்சினில் இல்லை. அடித்தகட்டுக்கு மேலே ஒரு கம்பிவலைதான் உண்டு. பெரிய தூசுதுணிக்கைகளை அது மறிக்கும். நுண்ணியவை ஒயிலோடு ஒயிலாகச் சுற்றும். 3,000 மைலுக்கு ஒருமுறை, அதாவது ஏறத்தாழ 5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை ஒயிலை மாற்றி வலையையும் கழுவவேண்டும் என்று சொல்வது அதனாற்றான்.

இனி அளவு பார்க்கும் முறைக்கு வருவோம்.

கார் சமதரையில் நிற்கவேண்டும். இதை எல்லோரும் சொல்வார்கள். ஏன் என்பதைச் சிலரே சொல்வார்கள். பீற்றில் எஞ்சினின் ஒயில் தங்குமிடம் ஆழமற்றது, அகன்றது. கிணற்றுத் தண்ணீருக்கும் தாம்பாளத்துத் தண்ணீருக்கும் உள்ள வேறுபாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். தாம்பாளத்தைச் சற்றே சாய்த்தாலும் ஒரு விளிம்பில் நீர் ஏறும், மறுவிளிம்பு காயும். ஒயில் கம்பி இறங்குவது எஞ்சினின் பின்முனையில். காரின் மூக்கு மேல்நோக்கி நின்றால் ஒயில் பின்னோக்கி ஓடிவந்து கம்பியில் அதிகமாகக் காட்டும். மூக்கு கீழ்நோக்கினால் குறைவாகக் காட்டும். என் மருமகனின் வீட்டு வாசல் வீதியிலிருந்து கராஜை நோக்கி மேலேறும் சரிவு. அவன் முன்பக்கமாக ஏற்றி நிறுத்துகிறான். அங்கே கம்பி மேல்கோட்டைக் காட்டியதில் வியப்பில்லை.

அடுத்தது, காத்திருத்தல். எஞ்சின் ஓடும்போது ஒயில் முழுவதும் கீழே தங்கியிருப்பதில்லை. ஒரு பகுதி இரு கரைகளிலும் உள்ள சிலிண்டர் தலைகளுக்குள்ளும் வால்வு மூடிகளுக்குள்ளும் இருக்கும். அங்கிருந்து அது திரும்புவது மெல்லிய குழாய்களின் வழியாக. நிமிர்ந்து நிற்கும் எஞ்சினில் ஒயில் நேரே கீழே விழுந்துவிடும். படுத்திருக்கும் இந்த எஞ்சினில் அந்தக் குழாய்களின் சரிவு சிறிது. ஆகவே நேரம் எடுக்கும். எஞ்சினை நிறுத்திக் குறைந்தது ஐந்து நிமிடமாவது பொறுக்கவேண்டும். ஒயில் தடித்துப்போகும் குளிர்நாடுகளில் அதைவிடக் கூடுதலாக. பெற்றோல் நிலையத்தில் நிறுத்தியவுடனே இழுத்துப் பார்த்தால், இன்னும் வீடு திரும்பாத ஒயிலைக் கம்பி கணக்கில் எடுப்பதில்லை. குறைவு என்று எண்ணி ஊற்றினால், சற்றுப்பொழுதில் உள்ளே இருந்ததும் இறங்கிவந்து, இரண்டும் சேர்ந்து மேல்கோட்டைத் தாண்டிவிடும்.

எல்லாவற்றிலும் சிறந்த வேளை அதிகாலை. இரவு முழுவதும் நின்ற கார், ஒரே இடம், இன்னும் திறப்புப் போடாத எஞ்சின். அப்போது ஒயில் எல்லாம் இறங்கிச் சாந்தமாகக் கிடக்கும்.

கம்பியை இழுத்து, நூல் உதிராத துணியால் துடைத்து, முட்டும்வரை முழுதாகச் செருகி, ஒரு கணம் விட்டு மீண்டும் இழுக்கவேண்டும். முதல் இழுப்பைக் கணக்கில் எடுக்கக்கூடாது. குழாயின் சுவரிற் படிந்திருந்த ஒயில் கம்பியில் தீற்றிக்கொண்டு வரும். இரண்டாம் முறை இழுத்ததும் கம்பியைக் கிடையாகப் பிடித்து இரு முகங்களையும் பார்க்கவேண்டும். நுனியை மேலே தூக்கினால் ஒயில் வழிந்து கோட்டை மாற்றிவிடும். ஒரு முகத்தில் உயர்ந்தும் மறுமுகத்தில் தாழ்ந்தும் தெரிந்தால் தாழ்ந்ததையே எடுத்துக்கொள்வது புத்தி. ஐயமென்றால் மூன்றாம் முறையும் பார்க்கலாம். அதற்குச் செலவு எதுவுமில்லை.

இரண்டு கோடுகளுக்கும் நடுவில், மேல்கோட்டுக்குச் சற்றுக் கீழே நிற்பது போதுமானது. "நிறைஞ்சு இருந்தால் நல்லதுதானே" என்று மேல்கோட்டுக்கு மேலே ஊற்றுபவர்கள் உண்டு. அது தவறு. சுழலும் கிராங் தண்டு அந்த ஒயிலை அடித்து நுரையாக்கும். நுரையில் காற்று அதிகம், ஒயில் குறைவு. பம்பு அதை ஒழுங்காகத் தள்ளாது. மிகுதி, மூச்சுக்குழாயால் காற்று வடிகட்டிக்குள்ளே போகும். சீல்களின் இடுக்குகளால் கசிந்து காரின் கீழே தரையில் படம் வரையும்.

கையில் இருக்கும் கம்பி அந்த எஞ்சினுக்கு உரியதுதானா என்று பலரும் கேட்பதில்லை. 50, 60 வருடங்களில் ஒரு கார் எத்தனையோ கைகளுக்கு மாறியிருக்கும். எஞ்சின் மாறியிருக்கும். கம்பி தொலைந்து வேறொன்று வந்திருக்கும். இதைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது. அடுத்த முறை ஒயில் மாற்றும்போது பழையதை முழுவதுமாக வடியவிட்டு, சரியாக இரண்டரை லீற்றரை அளந்து ஊற்றுங்கள். எஞ்சினை ஒரு நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, பொறுத்திருந்து கம்பியைப் பாருங்கள். மேல்கோட்டின் அருகே நின்றால் கம்பி நம்பத்தக்கது. வெகுதூரம் விலகி நின்றால் அந்த இடத்தில் அரத்தால் ஒரு புதிய கோடு போடுங்கள். மேலதிக வடிகட்டியோ பெரிய அடித்தகடோ பின்னர் பொருத்தப்பட்ட எஞ்சினாயின் கொள்ளளவும் மாறும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இந்த விதிகளை மனப்பாடம் செய்து எல்லாக் காருக்கும் பொருத்துவதும் ஆபத்துத்தான். போர்ஷே 911ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பீற்றிலின் நெருங்கிய உறவினர் என்று சொல்லத்தக்க கார். 1963இல் அறிமுகமாகி 1998 வரை காற்றினாற் குளிர்ந்த எஞ்சினுடன் வந்தது. அதில் ஒயில் எஞ்சினின் அடியில் தங்குவதில்லை. தனியே ஒரு தாங்கியில் இருக்கிறது. எஞ்சினை நிறுத்தினால் தாங்கியிலிருந்து ஒயில் மெல்ல எஞ்சினுக்குள் இறங்கிவிடும். காலையில் கம்பியைப் பார்த்தால் ஒயிலே இல்லை என்பதுபோற் காட்டும். ஆகவே அந்தக் காரில் எஞ்சின் நன்றாகச் சூடேறிய பின், சமதரையில், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அளவு பார்க்கவேண்டும். பீற்றிலுக்குச் சொன்னதற்கு நேர்மாறான விதி! பீற்றில் பழக்கத்தில் 911இன் கம்பியைக் காலையிற் பார்த்து லீற்றர் கணக்கில் ஊற்றியவர்களின் கார்கள், ஓடத் தொடங்கியதும் ஒயிலைக் கக்கிப் புகைமண்டலம் எழுப்பும். இரண்டுக்கும் பொதுவான விதி ஒன்றே: ஒயில் எந்த வேளையில் எங்கே தங்குகிறது என்பதை அறிந்து, அது உரிய இடத்தில் உள்ள வேளையில் பார்க்கவேண்டும்.

"காரில்தான் ஒயில் விளக்கு இருக்கிறதே, கம்பி எதற்கு?" என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். பழைய பீற்றில்களின் முகப்பில் இரண்டு விளக்குகள் முக்கியமானவை. சிவப்பு, மின்பிறப்பாக்கிக்கு உரியது. அதே பட்டிதான் காற்றாடியையும் சுழற்றுகிறது என்பதால், ஓட்டத்தில் சிவப்பு எரிந்தால் பட்டி அறுந்திருக்கக்கூடும்; உடனே நிறுத்தவேண்டும். பச்சை, ஒயிலுக்கு உரியது. ஆனால் அது காட்டுவது ஒயிலின் அமுக்கத்தை, அளவை அல்ல. அளவு மெல்ல மெல்லக் குறையும்போது அது பேசாமலிருக்கும். பம்புக்கு ஒயில் எட்டாத நிலை வந்த பின்னரே கண்ணைத் திறக்கும். கம்பளையிலிருந்து றம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் வளைவுகளில், ஒயில் குறைந்த பீற்றிலில், திருப்பத்துக்குத் திருப்பம் அந்தப் பச்சை மினுங்கி மறைவதைக் கண்டிருக்கிறேன். தாம்பாளத்து நீர் ஒருபக்கம் ஒதுங்க, பம்பு காற்றைக் குடிக்கிறது என்று அதற்குப் பொருள்.

இதுவரை சொன்னது ஒயில் குறைவதைப் பற்றி. ஒயில் கூடுவதைப் பற்றிச் சொல்லவேண்டும். முதலிற் குறிப்பிட்ட முதியவர் வருவது இங்கேதான்.

அவர் ஓய்வுபெற்ற அப்போதிக்கரி. வலிகாமத்தில் ஒரு கிராமத்தில் இருந்தார். 1958ஆம் ஆண்டின் பீற்றில் ஒன்று வைத்திருந்தார். 1192 சிசி எஞ்சின். பெற்றோல் அளவுமானிகூட இல்லாத மாதிரி. 1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டு, வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தபோது பெற்றோல் அரிய பொருளாயிற்று. யாழ்ப்பாணத்துக் கார்களும் மோட்டார்சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடத் தொடங்கின. சிறு போத்தலில் பொத்திப் பொத்தி வைத்த பெற்றோலைச் சொட்டுச் சொட்டாகக் காபரேற்றருக்குக் கொடுத்து எஞ்சினைக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். வீதியெங்கும் வெண்புகையும் அந்த வாசனையும். பழைய கார்களின் எஞ்சின்களில் அமுக்க விகிதம் குறைவு என்பதால் அவை ஒருவாறு இதைத் தாங்கின. அம்புலன்ஸ் என்று ஒன்றைக் கண்ணாற் காண்பது அரிதான அந்த நாட்களில், இரவில் பேறுகால வலி எடுத்த பெண்களையும் பாம்பு கடித்தவர்களையும் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது அவருடைய பீற்றில்தான்.

மண்ணெண்ணெய் முழுவதும் எரிவதில்லை. எரியாத பகுதி சிலிண்டர் சுவரால் வழிந்து கீழே ஒயிலுடன் கலக்கிறது. ஆகவே கம்பியில் ஒயிலின் அளவு நாளுக்கு நாள் ஏறும். "என்ரை கார் ஒயிலே குடிக்காது" என்று அந்நாளிற் பெருமை பேசியவர்கள் பலர். அப்போதிக்கரி ஐயா தலையை ஆட்டுவார்.

"தம்பி, குறையிற ஒயிலைவிட ஏறுற ஒயில்தான் பயம். காய்ச்சல்காரன்ரை முகம் சிவந்திருந்தால் சுகம் எண்டு சொல்லுவியே?"

அவருடைய முற்றத்தில் சீமெந்து போட்ட ஒரு சதுரம் இருந்தது. அதில்தான் கார் இரவில் நிற்கும். காலையில் தேநீருக்கு முன்னர் கம்பியைப் பார்ப்பார். பார்த்ததும் நுனியை மணப்பார். பிறகு ஒரு துளியைப் பழைய பத்திரிகைத் துண்டில் விழுத்திக் காயவிடுவார். நடுவில் கரும்பொட்டும், அதைச் சுற்றி வெளிறிய வளையமும் தோன்றும். வளையம் எவ்வளவுக்கு அகலமாகப் பரவுகிறதோ அவ்வளவுக்கு மண்ணெண்ணெய் அதிகம் என்பது அவர் கணக்கு. பத்திரிகைகளே கொப்பித் தாளில் அச்சாகிய காலமாகையால், நாங்கள் அச்சிட்ட தாளிலே அவர் செய்த ஆராய்ச்சியை நான் உரிமையோடு வேடிக்கை பார்ப்பதுண்டு. முடிவை ஒரு பள்ளிக்கூடக் கொப்பியில் எழுதுவார்: திகதி, கம்பியின் அளவு, ஓடிய தூரம், மணம். மணம் என்ற நிரலில் "இல்லை", "கொஞ்சம்", "கடும்" என்ற மூன்று சொற்கள்தான் மாறிமாறி வரும். கடும் என்று வந்தால் ஒயில் மாற்றப்படும். புதிய ஒயில் கிடைப்பது அருமை. எனவே நாலு போத்தல் ஒயிலை எப்போதும் அறைக்குள் பூட்டி வைத்திருப்பார். வடித்த ஒயிலைக் கறையானுக்காக வேலிக் கதியால்களின் அடியில் பூசுவார்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் பெயர்ந்தது. இலட்சக்கணக்கான மக்கள் மழையிலே தென்மராட்சியை நோக்கி நடந்தார்கள். நாவற்குழிப் பாலத்தை நெருங்கும் வீதியில் அடி வைக்க இடமில்லை. என் சைக்கிளை உருட்டிக்கொண்டு நான் சென்ற இடத்தில், கூட்டத்தின் நடுவே அந்தப் பீற்றில் அங்குலம் அங்குலமாக ஊர்ந்தது. உள்ளே இரண்டு கிழவிகள், மாதம் நிறைந்த ஒரு பெண், அவளுடைய மூத்த பிள்ளை. ஐயா ஓட்டிக்கொண்டிருந்தார்.

நள்ளிரவு கடந்து சில மணி நேரத்தில் பச்சை விளக்கு மினுங்கத் தொடங்கியது. கூட வந்த இளைஞன் ஒருவன் விவரம் தெரிந்தவன். டோர்ச் வெளிச்சத்திற் கம்பியை இழுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "ஐயா, ஒயில் மேல்கோட்டுக்கு மேல நிக்குது. விளக்குத்தான் பிழைபோல. நீங்கள் விடுங்கோ." நின்றது சரிந்த பாலத்து வீதி. எஞ்சின் அந்தக் கணத்திற்றான் நிறுத்தப்பட்டிருந்தது. எல்லா வகையிலும் பார்க்கக்கூடாத வேளை. ஆயினும் கம்பி சொன்னது பொய்யில்லை. உள்ளே திரவம் நிறைந்துதான் இருந்தது.

ஐயா கம்பியை வாங்கி மணந்தார். "முந்தநாள் காலமை கடும் எண்டு எழுதினனான், மாத்த நேரம் கிடைக்கேல்லை. இது ஒயில் இல்லைத் தம்பி, மண்ணெண்ணெய்க் கஞ்சி. விளக்குச் சொல்லுறதுதான் சரி" என்றார். கைவசம் இருந்த போத்தல் ஒயிலை மேலே ஊற்றிப் பயனில்லை, ஏற்கெனவே நிறைந்துவிட்டது. அந்தச் சனக்கூட்டத்தின் நடுவே வடிக்கவும் முடியாது. எஞ்சினை மீண்டும் கிளப்பி, இளகிய அந்தத் திரவத்துடன் விடியும்வரை ஓடவிட்டால் அது இறுகிப்போகும். கார் அந்த வீதியிலே நின்றால் அந்தப் பெண் நடக்கவேண்டும்.

"தள்ளுங்கோ பிள்ளையள்" என்றார்.

தள்ளினார்கள். பீற்றில் பாரமற்ற கார். கூட்டம் நகரும் வேகமோ நடையிலும் மெதுவானது. முன்பின் தெரியாத பெடியள் மாறி மாறித் தோள் கொடுத்தார்கள். நானும் சைக்கிளை இன்னொருவர் கையிற் கொடுத்துவிட்டுத் தள்ளினேன். அப்படியே பாலம் கடந்தோம். விடிந்தபின் தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட முற்றத்தில், சமதரை பார்த்துக் காரை நிறுத்தி, ஒரு மணி நேரம் காத்திருந்து, அடிமுளையைக் கழற்றி எல்லாவற்றையும் வடியவிட்டார். தண்ணீர்போல் ஓடியது. கொண்டுவந்த நாலு போத்தலில் மூன்றேகாலை ஊற்றி, பொறுத்து, கம்பியைப் பார்த்து, பையிலிருந்த கொப்பியை எடுத்து அன்றைய திகதியைப் போட்டு எழுதினார். பிறகுதான் எஞ்சினைக் கிளப்பினார். பச்சை அணைந்தது. அன்று மாலை அந்தப் பெண்ணைச் சாவகச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது அந்தக் கார். பிறந்தது பெண்பிள்ளை.

பெற்றோல் தாராளமாகக் கிடைக்கும் நாடுகளிலும் ஒயில் ஏறுவதுண்டு. பீற்றிலின் பெற்றோல் பம்பு எஞ்சினின் மீதே பொருத்தப்பட்டது. அதன் உள்ளே இருக்கும் சவ்வு கிழிந்தால் பெற்றோல் நேரே ஒயிலுக்குள் இறங்கும். காபரேற்றரின் ஊசிவால்வு ஒழுங்காக மூடாவிட்டாலும், நின்ற காரில் பெற்றோல் கசிந்து சிலிண்டர் வழியாகக் கீழே சேரலாம். ஊற்றாத ஒயில் கம்பியில் ஏறியிருந்தால் மகிழவேண்டாம். மணந்து பாருங்கள். பெற்றோல் மணந்தால் காரைக் கிளப்பாமல் காரணத்தைக் கண்டுபிடித்துத் திருத்தி, ஒயிலை மாற்றிய பின்னரே ஓடுங்கள். தீப்பற்றும் ஆபத்தும் அதிலுண்டு.

எனவே பழைய கார் வைத்திருக்கும் அன்பர்களுக்கு என் வேண்டுகோள் இவ்வளவுதான். ஒரே இடம், ஒரே வேளை, துடைத்த கம்பி, ஒரு கொப்பி. ஒரு நாளின் அளவு அதிகம் எதையும் சொல்லாது. 20 நாட்களின் அளவை வரிசையாக எழுதிவைத்தால் அந்த எஞ்சினின் குணம் தெரியும். எத்தனை மைலுக்கு எவ்வளவு குடிக்கும் என்று தெரிந்தவனுக்கு, அந்தக் கணக்கு மாறும் நாளும் தெரியும். பத்திரிகைத் தொழிலிலும் நாங்கள் செய்தது இதுதான். யாரோ கொடுத்த ஓர் எண்ணை, அது எங்கே, எப்போது, எப்படி எடுக்கப்பட்டது என்று கேட்காமல் அச்சேற்றினால் அடுத்த நாள் மறுப்பு வெளியிட நேரும்.

2002இல் ஏ9 வீதி திறந்தபின் நான் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் போனபோது ஐயாவைப் பார்க்கச் சென்றேன். சீமெந்துச் சதுரம் வெடித்திருந்தது. கார் அதன் மேலேயே நின்றது. கொப்பி மூன்றாவதோ நாலாவதோ ஆகியிருந்தது. கடைசிப் பக்கத்தைக் காட்டினார். மணம் என்ற நிரலில் மேலிருந்து கீழ்வரை "இல்லை" என்றே இருந்தது. அளவு என்ற நிரலில் எண்கள் நாளுக்குநாள் மயிரிழை மயிரிழையாக இறங்கியிருந்தன.

"நல்ல பெற்றோல் வந்திட்டுது தம்பி" என்றார் அந்த மனிதர், பெருமகிழ்ச்சியோடு. "இப்பதான் ஒழுங்காக் குறையுது."